பால்வண்ணம் ஜப்பானில் செய்த கொலை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் செவல்குளத்தில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, புதுவீடு புகுவது கிடையாது, குற்றாலத்திலிருந்து கிளம்பி வருகிற சாரல் மட்டும் வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஜனங்களும் எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதால், எந்தக் குப்பையைப் போட்டாலும் கூட்டம் வரும் என்று கணக்குப் பண்ணி, பாக்கியம் டாக்கீஸ் முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி அந்த மாதத்துக்கென்றே இருப்பதில் மட்டமான படமாகப் பார்த்து எடுத்துவருவார். அந்த வருஷம் அவர் மதுரைக்குப் போய் எடுத்துவந்த பெட்டியில் இருந்தது ஒரு ஜப்பான் படம். ஜப்பான் என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவர் எதுவும் விசாரிக்கவில்லை. ஜப்பான் என்றால் கராத்தே, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம், எங்கள் எண்ணமும் அதுதான். அனல் பறக்கும் கராத்தே, அடிதடி, ஆவேசம் என்று போஸ்டர் அடித்து, சந்தைப்பேட்டைச் சுவர் முதல் கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் ஒட்டினார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கைகால் வீசப் பழகிக்கொண்டிருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

படத்தில் மழை பெய்தது. கடலோரத்தில் ஒரு பழைய விடுதி, அங்கே நிலத்திலிருந்து வெந்நீர் ஊறுகிறது, அந்த வெந்நீர்த் தொட்டியில் விடுதிக்காரர் ஒக்குடா செத்து மிதக்கிறார், அதைத் துப்புத் துலக்க தனிமுரா என்று ஒரு வயசான இன்ஸ்பெக்டர் குடையும் இருமலுமாக வந்து சேர்கிறார். அவ்வளவுதான் கதை. அவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார், கேட்கப்பட்டவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார், கடல் பேசாது, அவரும் பேசமாட்டார், யாராவது தேநீர் ஊற்றுவார்கள், பிறகு அடுத்தவரைக் கூப்பிடுவார். இடைவேளை வரைக்கும் நடந்த ஒரே அடி, இன்ஸ்பெக்டர் தன் கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடித்ததுதான். அதற்கே பெஞ்சு டிக்கெட்டில் விசில் பறந்தது.

எல்லோரும் பேசுவது ஜப்பான் பாஷை, கீழே ஓடுவது இங்கிலீஷ் எழுத்து. ஜனங்கள் நாற்காலியை உடைத்துவிடுவார்கள் என்று பயந்த தங்கப்பழம் அண்ணாச்சி, இங்கிலீஷ் வாத்தியார் ஆசீர்வாதம் சாரைக் கூட்டிவந்து, திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, ஓடுகிற எழுத்தை ஓடஓடத் தமிழில் சொல்லச் சொன்னார். சாருக்கு இதில் தனி அக்கறை உண்டு. இந்தப் படத்துக்கு மூலமான நாவலை, இங்கிலீஷில், அட்டை கிழிந்த பிரதியாகத் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கி முன்பே படித்திருந்தார். அதனால் எழுத்தைப் படிப்பதோடு நிற்காமல், நாவலில் இந்த இடம் இன்னும் நன்றாக இருக்கும் என்று நடுநடுவே மைக்கில் வருத்தப்பட்டுக்கொண்டும் இருந்தார்.

கொன்றது யார் என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. ஒக்குடாவின் மனைவி கிமியே, வெந்நீர்க் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே நடந்துபோவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஏன் கொன்றாள் என்பதும் தெரிந்தது. அந்த மனுஷன் அவளுடைய இடதுகை விரல்களை ஒவ்வொன்றாக முறித்திருந்தான், அவள் சோறு போட்டுவைத்த கிண்ணத்தைத் தினமும் காலால் தட்டிவிட்டிருந்தான். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் விடுதியில் இருந்தவர்களை எல்லாம் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. மழை பெய்தது. ஒருவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். இன்னொருவர் தம் முழங்காலைப் பார்த்தார். மழை இன்னும் பெய்தது.

பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த சோடாக்கடை பால்வண்ணத்தால் அதைத் தாங்க முடியவில்லை. பால்வண்ணத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டியவன், தங்கமான பிள்ளை, வாய் மட்டும் சும்மா இருக்காது. திரையில் யார் என்ன கேட்டாலும் கீழேயிருந்து இவன் பதில் சொல்லுவான். பால்வண்ணம் உள்ளே இருக்கிறானா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுக்கிறவர்கள் ஊரில் உண்டு. பெண் பார்க்கப் போன இடங்களிலும் அந்த வாய் சும்மா இராததால் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சுரண்டையில் உலகம்மை என்ற பெண்ணைப் பார்க்கப் போனபோது, அவள் காப்பித் தட்டோடு வந்து நிமிர்ந்து ஒரு தடவை பார்த்ததில் இவனுக்குப் பேச்சே வரவில்லை, அந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததால் சம்பந்தம் முடிந்து, ஆவணியில் முகூர்த்தம் என்று நிச்சயமாகியிருந்தது. அந்தப் பால்வண்ணம்தான் இப்போது எழுந்து, தேநீர் குடிக்க வெளியே போகிற அவசரத்தில், "நான்தான்யா கொன்னேன், ஆளை விடும்" என்றான்.

கொட்டகை சிரித்தது. இன்ஸ்பெக்டர் தனிமுரா கூடத்தில் இருந்தவர்களை விட்டுவிட்டு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கி பெஞ்சு டிக்கெட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டார், பிறகு ஏதோ கேட்டார். கீழே எழுத்து ஓடியது. ஆசீர்வாதம் சார் பழக்கதோஷத்தில், "உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறார்" என்றார். வயசான மனுஷர் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை, வெறும் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவதும் வழக்கமில்லை என்பதால், பால்வண்ணம் தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, "பால்வண்ணம்ங்க. சோடாக்கடை மந்திரமூர்த்தி மகன். மேலத்தெரு, கிணத்துக்கு எதித்த வீடு" என்றான். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது, எங்களுக்குத்தான் ஜப்பான் பாஷை புரியவில்லை. அவர் மறுபடி கும்பிட்டு, கூடத்தில் இருந்தவர்களிடம் நீங்கள் எல்லோரும் போகலாம் என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு டிக்கெட் வாங்கி, ரயிலில் தம் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கொலை செய்தது செவல்குளம் மேலத்தெரு பால்வண்ணம் என்று எழுத்து ஓடியது. ரயில் போயிற்று.

அதற்குப் பிறகும் படம் முடியவில்லை. கிமியே வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள், ஒரு கிண்ணத்தில் சோறு போட்டாள், கறி எடுத்து வைத்தாள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, அவளும் நடுவில் எழுந்திருக்கவில்லை, கடைசிப் பருக்கை வரைக்கும் மென்று சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். விளக்கு போட்டார்கள்.

பெட்டி வந்தவுடன் தனியாக ஓட்டிப் பார்த்திருந்த ஆபரேட்டர், முடிவு இப்படி இருக்கவில்லை என்றும், கிமியேயின் கையில் விலங்கு மாட்டி, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி ரயிலில் ஏற்றிப் போனார்கள் என்றும் சொன்னார். நாவலிலோ கிமியே கடலுக்குள் நடந்துபோய்விடுகிறாள் என்று ஆசீர்வாதம் சார் சொன்னார். பால்வண்ணம் இரண்டிலும் இல்லை. சார் வீட்டுக்குப் போய் நாவலை முதலிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, எந்தப் பக்கத்திலும் அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார். நாவலைப் படமாக எடுத்தால் இப்படித்தான், கண்டவனை எல்லாம் உள்ளே விட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த ஆட்டத்தில் பால்வண்ணம் வாயைத் திறக்கவில்லை, ஆனாலும் இன்ஸ்பெக்டர் நேரே அவன் பக்கம் திரும்பி, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு ரயிலேறினார். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவன் போகவே இல்லை, அப்போதும் கொலை செய்தது அவன்தான் என்று எழுத்து ஓடியது. ஊர் இதைப் பற்றி நிறையப் பேசியது. திரையில் இருக்கிறவர் எப்படிக் கீழே பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை, எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷர் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பால்வண்ணம் எதற்காகக் கொன்றான் என்பதுதான் பேச்சு. ஒக்குடா சோடாவில் கேஸ் இல்லை என்று சொல்லியிருப்பான், இவன் ரோஷக்காரன், அடித்துவிட்டான் என்று முடிவெட்டும் கடையில் ஒரு கட்சி. போன புரட்டாசியில் இவன் இரண்டு நாள் கடை திறக்கவில்லை, வயிற்றுப்போக்கு என்று நம்மிடம் சொன்னான், எங்கே போனான் என்று யார் கண்டது என்று பஸ் ஸ்டாண்டில் இன்னொரு கட்சி. பாஸ்போர்ட்டே இல்லாதவன் எப்படி ஜப்பான் போக முடியும் என்று ஆசீர்வாதம் சார் கேட்டதற்கு, கொலை செய்யப் போகிறவன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா போவான், என்ன சார் படித்தவர் நீங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பால்வண்ணத்தைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பார்க்கப்போனால் முன்னைவிட மரியாதை கூடிவிட்டது. இத்தனை காலமாக ஏல என்று கூப்பிட்டவர்கள் தம்பி என்றார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். தங்கப்பழம் அண்ணாச்சி பழைய போஸ்டரின் மேல், நம்ம ஊர் பால்வண்ணம் செய்த கொலை என்று ஒரு தாளை ஒட்டினார், ஆடி மாதத்தில் முதல்முறையாக டிக்கெட் இல்லை என்று பலகை மாட்டினார். ஏட்டையா ஒரு மத்தியான ஆட்டத்துக்கு வந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தார். "ஜப்பான் நம்ம லிமிட்ல வராது. ஆனாலும் ஊரைவிட்டு எங்கயும் போயிராதடே, அந்தப் பெரியவரு ஏதும் கேட்டா நாங்கதான பதில் சொல்லணும்" என்று பால்வண்ணத்திடம் சொல்லிவிட்டு ஒரு கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்.

சுரண்டைக்குச் செய்தி போக அதிக நேரம் ஆகவில்லை. உலகம்மையின் அப்பா சங்கரபாண்டியன், ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டில் கைநனைக்காமல் நேரே கொட்டகைக்குப் போய், படத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சோடாக்கடைக்கு வந்தார். கோபக்காரர் இல்லை, நிதானமான மனுஷர், அதனால்தான் பால்வண்ணம் அவர் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தான்.

"மாமா, நான் விளையாட்டுக்குச் சொன்னேன். சத்தியமா ஜப்பான் எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"மாப்ள, நீங்க கொன்னீங்களா கொல்லலையான்னு நான் கேக்க வரல. கொன்னிருந்தாலும் அவன் கொல்லப்பட வேண்டிய ஆளுதான், படத்துல பாத்தேன். ஆனா எழுத்துல ஓடுதுல்லா? நாளைக்கு எம்மகள ஒருத்தி பாத்து, கொலைகாரன் பொண்டாட்டின்னு சொன்னா, நான் என்னத்தச் சொல்லி வாயடைக்க?"

பக்கத்தில் நின்ற ஆசீர்வாதம் சார், "நாவலில் இவன் பேர் இல்லைங்க, நான் காட்டுகிறேன்" என்றார்.

"புஸ்தகத்த யாரு சார் படிக்கா? படத்தத்தான ஊரே பாக்கு" என்றார் சங்கரபாண்டியன். பிறகு பால்வண்ணத்திடம், "ஆடி முடியுத வரைக்கும் நேரம் இருக்கு. அந்தப் பெரிய மனுசன் வாயால, இவரு செய்யலன்னு ஒரு வார்த்த வரட்டும். ஆவணி பொறந்த அன்னைக்கே பந்தக்கால் ஊணுதேன். வரலன்னா, நீங்களும் கோவிக்கப்படாது, நாங்களும் கோவிக்கல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அன்றைக்கிருந்து பால்வண்ணம் மத்தியான ஆட்டத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கொட்டகைக்கு வந்துவிடுவான். பெஞ்சின் முதல் வரிசையில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் திரும்பியவுடன் எழுந்து, ஐயா நான் இல்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று கும்பிடுவான். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் சம்பவம் நடந்த இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள், பார்த்தவர்கள் யாராவது உண்டா என்றார். ஆசீர்வாதம் சார் அதைத் தமிழில் சொன்னாரோ இல்லையோ, கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது. எங்கள் ஊரில் ஒருத்தனுக்குச் சாட்சி வேண்டும் என்றால் உண்மையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டோம், கைவசம் இருப்பதைக் கொடுப்போம். அன்னைக்கு எங்க வீட்டுக் கல்யாணத்தில் இவன்தான் பந்தி பரிமாறினான் என்றார் ஒருவர். என்னோடு குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தான் என்றார் இன்னொருவர். எங்க அம்மைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான், நானே பார்த்தேன் என்று ஒருவர் அழுதார். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, சபரிமலைக்குப் போயிருந்தான் என்றும் ஒருவர் சொல்லிவைத்தார், ஊரில் இல்லை என்றால்தான் நல்லது என்று அவர் எப்படியோ நினைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டு நன்றி சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது அவர் முகம் மிகவும் வாடிவிட்டது. இத்தனை வருஷ அனுபவத்தில் குற்றம் செய்யாத ஒருவனுக்கு இவ்வளவு சாட்சி நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் பால்வண்ணம் சாட்சிகளை எல்லாம் கெஞ்சி உட்காரவைத்துவிட்டுத் தனியாக எழுந்தான். இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நீங்கள் இல்லையென்றால் யார் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் கூடத்தின் ஓரத்தில் கிமியே முறிந்த விரல்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பால்வண்ணத்தைப் பார்க்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, அடுத்து யாருக்குத் தேநீர் ஊற்ற வேண்டுமோ அவருடைய கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்வண்ணமும் அந்தக் கோப்பையைப் பார்த்தான். பிறகு, "நாளைக்குச் சொல்லுதேன்யா" என்று உட்கார்ந்துவிட்டான்.

இதற்குள் பெண்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முதலில் பால்வண்ணத்தின் பக்கத்து வீட்டுக்காரிகள், பிறகு தெருவோடு, பிறகு பீடி சுற்றுகிறவர்கள் தட்டை மூடிவைத்துவிட்டு. கொலை, விசாரணை எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கிமியே சாப்பிடுவதைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கறி மாறியது. ஒரு நாள் மீன், ஒரு நாள் முள்ளங்கி, ஒரு நாள் என்னவென்றே தெரியாத ஒரு கீரை. படம் விட்டு வருகிறவளிடம் போகப் போகிறவள், இன்னைக்கு என்ன கறி என்று கேட்பாள். ஒருத்தி உட்கார்ந்து, சூடு ஆறுவதற்கு முன்னால், யாரும் கூப்பிடாமல், எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடிப்பதை அத்தனை பெண்களும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வீட்டுக்குப் போய், முதல் வேலையாகத் தங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், வீட்டு ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பால்வண்ணம் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சாப்பாடு அவ்வளவுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். விலங்கு வரும், அதன் மேல் துணி வரும். இல்லை, நாவலில் மாதிரி கடல் வரும். சொல்லாவிட்டால் சுரண்டைச் சம்பந்தம் அவ்வளவுதான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவனிடம் இப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. சோடா குடிக்க வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். வாய் ஓயாத மனுஷன் பேச்சை விட்டுவிட்டான், இளைத்தும் போனான், எங்களுக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் படம் விட்டுப் போகிற பெண்கள் கூட்டம் ஒன்று கடையில் நின்று பன்னீர் சோடா கேட்டது. அவன் பாட்டிலை உடைத்து நீட்டியபோது வாங்கிய கை உலகம்மையுடையது. அக்கா மகள்களோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ தெரியாது. அவள் அவனைப் பார்க்காமல், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா நேத்து என்ன கறி வச்சிருந்தாக?" என்றாள்.

"கத்திரிக்கா" என்றான் பால்வண்ணம். "சின்ன மீனு ரெண்டு."

"நல்லா சாப்பிடுதாக" என்றாள் அவள். அவ்வளவுதான், பாட்டிலை வைத்துவிட்டு மற்றவர்களோடு போய்விட்டாள். நல்லா சாப்பிடுதாக என்றால், சாப்பிடட்டும் விட்டுவிடு என்றா, இவள் சாப்பிடுவதற்காக நம் கல்யாணம் நிற்கிறதே என்றா என்று அவன் குழம்பிப்போனான். கடைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன ராகத்திலேயே சொல்லிக்காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஆடி கடைசி நாள் வந்தது. மறுநாள் பெட்டி மதுரைக்குத் திரும்பிப் போயாக வேண்டும். மத்தியான ஆட்டத்துக்கு சங்கரபாண்டியன் மறுபடி வேனில் வந்தார், இந்தத் தடவை மனைவி, மகள், தாய்மாமன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, முகூர்த்தப் பட்டைக்கூடக் கையோடு எடுத்துக்கொண்டு. நல்ல வார்த்தை வந்துவிட்டால் அங்கேயே கொடுத்துவிடலாம் என்று அவருக்கும் ஆசைதான். ஆண்கள் பெஞ்சுப் பக்கமும் பெண்கள் பெண்கள் பக்கமும் உட்கார்ந்தார்கள். மழை பெய்தது, ஒக்குடா மிதந்தார், தேநீர் ஊற்றினார்கள், இன்ஸ்பெக்டர் இருமினார். கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, குடையைச் சாய்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். இன்றைக்கு ஊருக்குப் போகிறேன், இனி வரமாட்டேன், நீங்கள் இல்லையென்றால் யார் என்று சொல்லிவிடுங்கள் என்றார். ஆசீர்வாதம் சார் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்காமல் அதை அப்படியே சொன்னார்.

பால்வண்ணம் எழுந்தான். பெண்கள் பக்கம் பார்க்கக்கூடாது என்று இருந்தவன் பார்த்துவிட்டான். பிறகு கிமியேயைப் பார்த்தான். அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போவதா, வாசல் பக்கம் போவதா என்று தெரியாமல் பாதி எழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"நான்தான்யா" என்றான் பால்வண்ணம். "வேற யாரும் இல்ல."

சங்கரபாண்டியன் பட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். அவருக்குக் கோபம் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. வாங்க போகலாம் என்று மனைவி இருந்த பக்கம் கையைக் காட்டினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உலகம்மை எழுந்து, திரையைப் பார்த்து, "நானும் கூட இருந்தேன்" என்றாள்.

"ஏளா, நீ எப்பளா ஜப்பானுக்குப் போன?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

"அவுக போனன்னைக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அவள் பக்கம் குனிந்து கும்பிட்டு, பெயர் கேட்டார். சுரண்டை சங்கரபாண்டியன் மகள் உலகம்மை என்று கணீரென்று சொன்னாள். உங்களோடு இருந்தவர் பெயர் என்ன என்று அடுத்து கேட்டார். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா, முறைப்படிதான் கேட்டார். உலகம்மை பதில் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை கேட்டார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து, "அத நான் எப்படிச் சொல்ல? அவுககிட்டயே கேட்டுக்கிடுங்க" என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் யாருடைய பெயரைச் சொல்லமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை, பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றார். இதை எப்படி விளக்குவது என்று ஆசீர்வாதம் சாருக்கும் தெரியவில்லை, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். உலகம்மையின் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பால்வண்ணம், எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற பால்வண்ணம், துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சங்கரபாண்டியன் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கையிலிருந்த பட்டைப் பார்த்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றார்.

"ஐயா, நீங்க பெரியவுக. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா, ஆவணி முகூர்த்தம் முடியட்டும். அதுக்கப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தரையில் வைத்தார். பிறகு அவரும் கைகூப்பிச் சரி என்றார், அதை மட்டும் ஆசீர்வாதம் சார் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.